எச்.பி.வி. ரிப்போர்ட்டில் "16 இல்லை, 18 இல்லை, பிற வகை உண்டு": எச்.ஐ.வி. இருப்பவருக்கு இதன் அர்த்தம் என்ன?

மழைக்காகம்
வணக்கம். தங்கைக்காகக் கேட்கிறேன். அவளுக்கு எச்.ஐ.வி. உண்டு. பல வருடங்களாக ஏஆர்டி மாத்திரையை (எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்து) ஒருநாள் விடாமல் எடுக்கிறாள். வைரல் லோடு (ரத்தத்தில் எச்.ஐ.வி.யின் அளவு) கண்டறிய முடியாத அளவு, சிடி4 (எதிர்ப்புச் சக்தி செல்களின் எண்ணிக்கை) 500க்கு மேல். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போனாள். பாப் ஸ்மியர் (செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) இல்லை, எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை, அதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது; அதன் வகைகளுக்கு எண்தான் பெயர். ரிப்போர்ட்டில் மூன்றே வரி:

எச்.பி.வி. 16 – இல்லை
எச்.பி.வி. 18 – இல்லை
பிற உயர் ஆபத்து எச்.பி.வி. – உண்டு

கொடுத்தவர் கால்போஸ்கோபிக்கு (கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கியால் பார்ப்பது) ஒரு தேதி எழுதிக் கொடுத்ததோடு சரி, வேறு விளக்கம் இல்லை. வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே இருக்கிறாள். இதற்கிடையில் யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி: "எச்.ஐ.வி. இருந்தால் புற்றுநோய் தருவது வேறு வகை எச்.பி.வி., தடுப்பூசி பிரயோஜனமில்லை." அப்புறம் இன்னொரு தலைவலி. போன முறை சோதனையில் நெகட்டிவ் வந்திருந்தது. "இப்போது இது எங்கிருந்து வந்தது?" என்று அவள் வீட்டுக்காரர் கேட்க ஆரம்பித்துவிட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குழாய்96
பிசிஆர் ஆய்வகத்தில் இதே சோதனையை ஓட்டுகிறவன் நான். இப்படி மூன்று வரியில் வரும் ரிப்போர்ட்டில் கடைசி வரிக்குள் பொதுவாக 12 வகைகள் அடைபட்டிருக்கும்: 31, 33, 35, 39, 45, 51, 52, 56, 58, 59, 66, 68. கருவி நான்கு நிறங்களைப் படிக்கிறது. ஒன்று 16க்கு, ஒன்று 18க்கு, ஒன்று இந்தப் பன்னிரண்டுக்கும் சேர்த்து. நான்காவது, மாதிரியில் மனித செல் போதுமான அளவு வந்திருக்கிறதா என்று சரிபார்க்க. ஆகவே உங்கள் தங்கையிடம் இருப்பது எந்த வகை என்று கருவிக்கே தெரியாது. ஒன்றா, மூன்றா என்றும் தெரியாது.

எனக்கு இந்த மூன்றாவது வரி மேல் நெடுநாள் கோபம் உண்டு. 45 என்பது 18க்கு நெருங்கிய உறவு, கவனமாகப் பார்க்க வேண்டிய வகை. 66 ஒரு காலத்தில் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் இருந்து பிறகு இறக்கப்பட்ட வகை. இரண்டுக்கும் ரிப்போர்ட்டில் ஒரே வார்த்தை: "உண்டு". வகைகளைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும் சோதனைகளும் இருக்கின்றன, எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

தங்கையிடம் முதலில் சொல்லுங்கள்: இது வைரஸ் இருக்கிறது என்ற செய்தி. புற்றுநோய் இருக்கிறது என்ற செய்தி இல்லை. எச்.ஐ.வி. உள்ள பெண்களில் இந்த வரி பாசிட்டிவ் ஆவது அன்றாடம் நாங்கள் பார்ப்பது.

குறுக்குக்கேள்வி
எல்லோரும் வாட்ஸ்அப்பைத் திட்டும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தச் செய்தியை முழுப் பொய் என்று ஒதுக்க முடியாது. எச்.ஐ.வி. உள்ள பெண்களிடம் 16, 18 தவிர 35, 51, 52, 58 எல்லாம் நிறையத் தென்படுகின்றன என்று ஆய்வுக் கட்டுரைகளே சொல்கின்றன. ஒரே ஆளிடம் நாலைந்து வகை. முதலில் வந்த தடுப்பூசிகள் 16ஐயும் 18ஐயும் குறிவைத்தவை. அப்படியானால் அந்தச் செய்தியை எழுதியவர் கேட்பதில் நியாயம் இல்லையா?

தராசுமுள்
குறுக்குக்கேள்வி சார், கட்டுரைகள் சரி. அவை எதை எண்ணின என்பதில்தான் விஷயம்.

கர்ப்பப்பை வாயில் புண்ணே (புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றத்தைத்தான் புண் என்கிறேன்) இல்லாத, ஆரோக்கியமான எச்.ஐ.வி. பெண்களை எடுத்து எந்தெந்த வகை இருக்கிறது என்று எண்ணினால் பெரிய கூட்டம் வரும். 16 அதில் ஒரு பங்குதான். அதுவே முற்றிய புற்றுநோய்த் திசுவை எடுத்து எண்ணினால் கூட்டம் கலைந்துவிடுகிறது. 16 மறுபடி முதலிடத்துக்கு வருகிறது, 18ம் 45ம் முன்னே நகர்கின்றன. நடுவில் வரும் புண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் படிக்குப் படி 16இன் பங்கு ஏறுவது தெரியும். எச்.ஐ.வி. இல்லாதவர்களிலும் இதே ஏற்றம்தான். உலக அளவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் 16ம் 18ம் சேர்ந்து சுமார் 70%. அதில் 16இன் பங்கே பெரியது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் புற்றுநோயில் 16இன் பங்கு சற்றுக் குறைகிறது, அவ்வளவுதான். முதலிடத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை. இதை அதிகம் அலசியது ஆப்பிரிக்காவில், குறிப்பாகக் கென்யா, தென்னாப்பிரிக்காவில். காரணம் வெளிப்படை: இரண்டு நோயும் அங்கேதான் ஒன்றன்மேல் ஒன்று பெருஞ்சுமையாக விழுந்திருக்கின்றன.

அடுத்தது, எண்ணும் முறையிலேயே ஒரு குழி இருக்கிறது. ஒரு பெண்ணின் புற்றுநோய் மாதிரியில் 16ம் 35ம் இரண்டும் கிடைத்தால் யார் கணக்கில் எழுதுவது? பல கட்டுரைகள் இரண்டின் கணக்கிலும் எழுதிவிடும். அட்டவணையைக் கூட்டிப் பாருங்கள், 100ஐத் தாண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் கலப்புத் தொற்று அதிகம் என்பதால் கூட வந்தவையெல்லாம் அந்தப் பக்கம் உப்பித் தெரியும். 35ஐ ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. ஆப்பிரிக்கப் பெண்களிடம் அது மற்ற இடங்களைவிட அதிகம், 9 வகைத் தடுப்பூசியிலும் அது இல்லை. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அது எச்.ஐ.வி.யால் மட்டும் வந்த வேறுபாடு இல்லை. எச்.ஐ.வி. இல்லாத ஆப்பிரிக்கப் பெண்களிலும் 35 கூடுதல்தான்.

இன்னொரு சிக்கல் வயது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்தப் புற்றுநோய் இளைய வயதிலேயே வருகிறது. 16, 18, 45 வகைப் புற்றுநோய்களும் பொதுவாக மற்ற வகைகளைவிட இளைய வயதில் வருபவை. ஆகவே வயது 16, 18இன் பங்கை மேலே தள்ளும், எச்.ஐ.வி. கீழே இழுக்கும். வயதைச் சரிசெய்யாமல் இரண்டு குழுக்களையும் பக்கத்தில் வைத்து "பெரிய வித்தியாசமில்லை" என்று எழுதினாலும் தப்பு, "பெரிய வித்தியாசம்" என்று எழுதினாலும் தப்பு. ஒரு அட்டவணையைப் பார்த்தால் முதலில் வயதுப் பத்தியைத் தேடுங்கள்.

கண்ணாடிச்சில்லு
தராசுமுள் சொன்ன "யார் கணக்கு" கேள்விக்கு நோய்க்குறியியல் மேசையிலிருந்து ஒரு பதில். ஸ்லைடு பார்த்தே கண் போனவன் நான்.

கர்ப்பப்பை வாயை பிரஷ்ஷால் வருடி எடுக்கும் மாதிரியில் மேல்பரப்பில் உதிரும் எல்லாமும் வந்துவிடும். நான்கு வகை இருந்தால் நான்கும் சோதனையில் தெரியும். அதே பெண்ணிடம் பயாப்ஸியில் (சோதனைக்காகக் கிள்ளி எடுப்பது) எடுத்த திசுவை மெல்லிய சீவலாக ஸ்லைடில் வைத்து, நுண்ணோக்கி வழியே லேசரால் ஒரு புண்ணை மட்டும், சில நூறு செல்கள்தான், வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலும் அதில் ஒரே வகைதான் இருந்தது. ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்த அடுத்த புண்ணில் வேறொரு வகை. அதிலும் ஒன்றே. ஆக ஒரு புண், ஒரு வைரஸ். கலப்புத் தொற்று என்பது பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும் தனித்தனித் தொற்றுகள். எல்லாம் கூடி ஒரே புற்றுநோயைச் செய்வதில்லை.

காரணம், வைரஸ் செய்யும் வேலையின் தன்மை. அதன் ஈ6 புரதம், செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பி53 புரதத்தைச் சிதைக்கிறது. ஈ7 இன்னொரு தடுப்பான ஆர்பி புரதத்தை முடக்குகிறது. சேதமான செல்லை நிறுத்த வேண்டிய இரண்டு பிரேக்கும் போய்விடுகின்றன. ஒரு செல்லில் ஒரு வைரஸ் இதைச் செய்து, அந்தச் செல் பெருகினால் போதும். பல சமயம் வைரஸின் டி.என்.ஏ. மனித குரோமோசோமுக்குள்ளேயே செருகிக்கொள்ளும். 18 வகையில் அது கிட்டத்தட்ட எப்போதும் நடக்கும். 1951இல் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றனவே, அவற்றுக்குள் இருப்பதும் 18தான். அந்த ஈ6, ஈ7ஐ அணைத்தால் அவை இன்றைக்கும் பெருகுவதை நிறுத்திவிடும்.

18ஐயும் 45ஐயும் கவனிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம்: கர்ப்பப்பை வாய்க்குழாயின் உட்பகுதிச் சுரப்பிச் செல்களில் வரும் அடினோகார்சினோமா என்ற புற்றுநோயில் இவற்றின் பங்கு அதிகம். உள்ளே இருப்பதால் கண்ணில் படாது, பாப் ஸ்மியரிலும் நழுவும்.

குறுக்குக்கேள்வி
நல்ல விளக்கம் டாக்டர். ஆனால் ஒன்று உதைக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்தால் எல்லா வகையும் ஒரே அளவு கூட வேண்டும்தானே? 16 மட்டும் ஏன் கூடாமல் பின்தங்குகிறது?

கண்ணாடிச்சில்லு
அதுவும் கூடுகிறது. மற்றவை அதைவிட வேகமாகக் கூடுகின்றன. 2003இல் அமெரிக்காவில் எச்.ஐ.வி. உள்ள பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில் இது தெளிவாக வந்தது: சிடி4 இறங்க இறங்க மற்ற வகைகளின் பரவல் செங்குத்தாக ஏறியது, 16இன் ஏற்றம் மட்டும் மந்தம். அதிலிருந்து எடுத்த முடிவு, 16க்கு நம் எதிர்ப்புச் சக்தியிடமிருந்து ஒளியும் திறமை முன்பே இருக்கிறது என்பது. காவல்காரர் விழித்திருக்கும்போதே உள்ளே புகத் தெரிந்தவனுக்கு, அவர் தூங்கிவிட்டால் கிடைக்கும் கூடுதல் லாபம் கொஞ்சம்தான். வாசலில் தடுக்கப்பட்டு நின்றவர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

இந்த வைரஸ் குடும்பமே அடக்கமானது. ரத்தத்துக்குள் போகாது, செல்லை வெடிக்கவைக்காது, அழற்சியைக் கிளப்பாது. அதை விரட்டும் வேலை பெரும்பாலும் டி செல்களுடையது. எச்.ஐ.வி. அழிப்பது அதே சிடி4 டி செல்களை. சாதாரணமாக எச்.பி.வி. தொற்று பத்தில் ஒன்பது இரண்டு வருடத்துக்குள் தானாக அடங்கிவிடும். எச்.ஐ.வி. இருந்தால் அந்த அடங்கல் தாமதப்படுகிறது. தொற்று அதிகம், தங்குவது அதிகம், புண்ணாவது அதிகம். மொத்தத்தில் புற்றுநோய் ஆபத்து சுமார் 6 மடங்கு என்கிறது உலகளாவிய கணக்கு. வழக்கமாக 15, 20 வருடம் எடுக்கும் பயணம், சிகிச்சை பெறாத எச்.ஐ.வி.யில் 5 முதல் 10 வருடத்தில் முடியலாம்.

வெண்தாமரை
மழைக்காகம், உங்கள் தங்கை வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், எனக்கும் எச்.ஐ.வி. உண்டு.

நெகட்டிவ் வந்து, பிறகு பாசிட்டிவ் வந்தால் யாரோ புதிதாகத் தந்தது என்று அர்த்தம் இல்லை. எச்.பி.வி. அடித்தோல் செல்களில் மிகக் குறைந்த அளவில் வருடக்கணக்கில் கிடக்கும். சோதனைக்கே அகப்படாது. எதிர்ப்புச் சக்தி சரியும்போது தலைதூக்கும். உறவே இல்லாமல் இருந்த எச்.ஐ.வி. பெண்களிடம், அதிலும் சிடி4 200க்குக் கீழே போனவர்களிடம், "புதிய" எச்.பி.வி. தென்பட்டதை அமெரிக்க ஆய்வு ஒன்று 2005இல் வெளியிட்டது. அதைப் படித்த அன்று எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? எங்கள் வீட்டிலும் இதே விசாரணை நடந்தது. ரிப்போர்ட்டை வைத்து யார் யாரிடம் எப்போது போனார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது, முடியவே முடியாது. இதை அவர் காதில் போடுங்கள். தங்கை சொன்னால் சமாதானம் சொல்வதாக நினைப்பார். நீங்கள் சொல்லுங்கள், முடிந்தால் மருத்துவரைச் சொல்லவையுங்கள்.

பழி விழுவது எப்போதும் நம் பக்கம்தான். அந்தக் கோபம் தனி இழைக்கு.

ஊசிமுனை
வெண்தாமரை அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் பரிசோதனைப் பிரிவில் நர்ஸ்.

கால்போஸ்கோபி என்றதும் ஆபரேஷன் என்று பயந்து பலர் வராமலே போய்விடுகிறார்கள். அது உருப்பெருக்கியால் பார்ப்பது, அவ்வளவுதான். அசிட்டிக் அமிலக் கரைசல் நனைத்த பஞ்சைக் கர்ப்பப்பை வாய்ப்பகுதியில் வைப்போம், கொஞ்சம் எரியும். ஒரு நிமிடத்தில் மாற்றமடைந்த செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாக எழும்பும். வெள்ளையின் விளிம்பு கூர்மையா மங்கலா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்றெல்லாம் பார்த்து, தேவைப்பட்டால் அரிசி அளவு திசு எடுப்பார்கள். அப்போது ஒரு சுருக் தெரியும். முடிந்ததும் எழுந்து நடந்து போகலாம்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் தனி அட்டவணை வைத்திருக்கிறது. மற்றப் பெண்களுக்கு 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு முறை எச்.பி.வி. சோதனை. எச்.ஐ.வி. இருந்தால் 25 வயதிலேயே தொடக்கம், 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை. பாசிட்டிவ் வந்தால் நேரே சிகிச்சைக்குப் போகாமல் இடையில் இன்னொரு பரிசோதனை. கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தேவையில்லாமல் அந்த இடத்தைச் சுட்டு அழிக்கும் சிகிச்சை செய்வது நல்லதில்லையே. அந்த இரண்டாம் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றால் 12 மாதத்தில் திரும்ப எச்.பி.வி. சோதனை. மற்றவர்களுக்கு அதே இடைவெளி 24 மாதம். சிகிச்சை செய்தாலும் மறுபடி வரும் வாய்ப்பு எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதிகம், அதனால் தொடர் பரிசோதனையை மட்டும் விடக்கூடாது. நான் பார்த்தவரை தவறிப்போவது அங்கேதான். சிகிச்சை முடிந்தது, வீட்டுக்குப் போனோம், மறந்தோம்.

தடுப்பூசி: 9 வகை ஊசியில் 16, 18, 31, 33, 45, 52, 58 என்று புற்றுநோய் வகை ஏழும், மரு உண்டாக்கும் 6, 11ம் இருக்கின்றன. அந்த ஏழும் சேர்ந்து உலகின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 90%. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பாதுகாப்பானது, எதிர்ப்பொருளும் நன்றாக உண்டாகிறது. டோஸ் மட்டும் கூடுதல்: முடிந்தால் மூன்று, குறைந்தது இரண்டு. ஆனால் ஏற்கெனவே புகுந்த வைரஸை ஊசி விரட்டாது. தங்கைக்கு இப்போது இருக்கிற தொற்றுக்கு ஊசி மருந்து ஆகாது.

குறுக்குக்கேள்வி
சரி, தடுப்பூசி விஷயத்தில் வாட்ஸ்அப் தோற்றது. ஏஆர்டி? வைரல் லோடு பூஜ்யம், சிடி4 500 என்றால் எச்.ஐ.வி. இல்லாதவர் மாதிரிதானே? ஏன் தனி அட்டவணை?

தராசுமுள்
1996க்குப் பிறகு கூட்டு மருந்துகள் வந்ததும் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் கபோசி சர்கோமா என்ற இன்னொரு புற்றுநோய் மளமளவென்று சரிந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அப்படிச் சரியவில்லை. 1993இல் அமெரிக்காவில் எய்ட்ஸை வரையறுக்கும் நோய்ப் பட்டியலில் சேர்த்த நோய் இது, ஆனால் பட்டியலிலுள்ள மற்றவற்றைப் போல நடந்துகொள்ளவில்லை. மருந்து தொடங்குவதற்கு முன்பே எச்.பி.வி. குடியேறி, செல்லுக்குள் தன் வேலையை ஆரம்பித்திருந்தால், பிறகு டி செல் திரும்பி வந்தாலும் நடந்ததை அழிக்க முடியாது. சிடி4 இன்று 500 என்பதைவிட ஒரு காலத்தில் எவ்வளவு கீழே போனது, எத்தனை வருடம் கீழே கிடந்தது என்பது முக்கியம்.

அதற்காக ஏஆர்டியால் பயனில்லை என்று சொல்லிவிடக்கூடாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த அலசலில், மருந்து எடுப்பவர்களிடம் உயர் ஆபத்து எச்.பி.வி. குறைவு, புண் முற்றுவதும் குறைவு. சீக்கிரம் தொடங்கி விடாமல் எடுத்தவர்களுக்கே அதிகப் பலன்.

இழைக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை: 2008 மருத்துவ நோபலில் பாதி ஹரால்ட் சுர் ஹாவ்சனுக்கு, எச்.பி.வி.க்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டதற்காக. மீதிப் பாதி பார்ரே சினூஸிக்கும் மோன்டாக்னியேவுக்கும், எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்ததற்காக. இரண்டு வைரஸும் ஒரே மேடையில்.

மழைக்காகம்
எல்லோருக்கும் நன்றி. கால்போஸ்கோபி முடிந்தது. லேசாக வெள்ளை தெரிந்த ஒரு இடத்தில் திசு எடுத்தார்கள். ரிப்போர்ட் சி.ஐ.என். 1 (செல் மாற்றத்தின் மிக லேசான நிலை). இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம், 12 மாதத்தில் திரும்பச் சோதனை என்று எழுதியிருக்கிறார்கள், ஊசிமுனை சொன்ன அதே கணக்கு. எந்த வகை என்று பிரித்துப் பார்க்க முடியுமா என்று கேட்டோம், அங்கே வசதி இல்லையாம். வெண்தாமரை, வீட்டுக்காரரையும் கூட அழைத்துப்போய் டாக்டர் வாயாலேயே சொல்லவைத்தேன். முகம் கொஞ்சம் தெளிந்தது. வெளியே வந்ததும் "அப்போ நானும் டெஸ்ட் எடுக்கணுமா?" என்கிறார். அவருக்கும் எச்.ஐ.வி. உண்டு, மாத்திரையில் இருக்கிறார். என்ன சொல்ல?

கண்ணாடிச்சில்லு
சி.ஐ.என். 1 என்பது பெரும்பாலும் தொற்றின் தடயம் மட்டுமே. நிறைய தானாகவே மறையும். 12 மாதத் தேதியை இப்போதே குறித்து வையுங்கள்.

ஆண்களுக்கு வழக்கமான எச்.பி.வி. பரிசோதனை என்று எதுவும் இல்லை, எடுத்தாலும் அதைவைத்துச் செய்ய ஒன்றுமில்லை. எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கு ஆசனவாய்ப் புற்றுநோய் ஆபத்து கூடுதல், அதற்கும் காரணம் எச்.பி.வி.தான், அங்கேயும் முதலிடம் 16க்கே. அங்கே ரத்தக்கசிவு, கட்டி, விடாத வலி ஏதாவது இருந்தால் மூலம் என்று சுயமாக முடிவு செய்யாமல் அடுத்த ஏஆர்டி சந்திப்பில் வாய்திறந்து சொல்லச் சொல்லுங்கள். வயதைப் பொறுத்து அதற்கான பரிசோதனை தேவையா என்பதையும் அங்கேயே கேட்கலாம்.